மூன்று துறை ஏறி இறங்கிய சுவடிக்கட்டு

என் தாத்தா மாட்டு வைத்தியர். அவர் விட்டுப்போன சுவடிக்கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் மஞ்சள் துணி சுற்றிக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு அப்பா அதை இறக்கிப் பொட்டு வைப்பார், மறுநாள் திரும்ப ஏற்றிவிடுவார். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளியில் பத்து வருஷமாகத் தமிழ் நடத்தும் எனக்கும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் பகுதிநேர பிஎச்.டி. யோசனையே வந்தது.

பக்கத்திலேயே தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம். பெயரை வைத்து, அங்கே இலக்கியமும் இலக்கணமும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். துறைப் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என ஐந்து புலங்கள். அவற்றுக்குள் சிற்பம், நாடகம், கல்வெட்டு, கடல்சார் தொல்லியல், அகராதி, மொழிபெயர்ப்பு, நாட்டுப்புறவியல், சித்த மருத்துவம், தொல்லறிவியல். 1981இல் ஆராய்ச்சிக்கென்றே தொடங்கிய இடம் என்பதால் இந்த விரிவு. சரி, என் ஓலை இதில் எங்கே சேரும்? மருந்து என்று பார்த்தால் சித்த மருத்துவம், ஊர் வைத்தியம் என்று பார்த்தால் நாட்டுப்புறவியல், ஓலை என்று பார்த்தால் சுவடி.

கோடை விடுமுறையில் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருச்சி சாலை பஸ் ஏறினேன். முதலில் சித்த மருத்துவத் துறை. அங்கிருந்த பேராசிரியர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கணுமாம்மா, இல்ல ஓலையில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணுமா?” முதலாவது என்றால் தமிழ் எம்.ஏ. போதாது. இரண்டாவது என்றால் அவர்களிடம் வர வேண்டியதே இல்லை. நாட்டுப்புறவியலில் வேறு கேள்வி: “அந்த வைத்தியத்தை இன்னும் செய்யறவங்க யாராவது இருக்காங்களா?” தாத்தாவோடு அது முடிந்துவிட்டது, பேட்டி எடுக்க ஆளில்லை. மூன்றாவதாகச் சுவடித் துறையில் எந்தக் கேள்வியும் இல்லை. “கொடுங்க, பார்ப்போம்” என்று கையை நீட்டினார்கள். கையிலிருந்தது ஒரே கட்டுதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அது வேறு பொருளாகிக்கொண்டிருந்தது.

விண்ணப்ப வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், எனக்கு இருந்தது. அடுத்தது நெறியாளர், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஒரே சமயத்தில் ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். அதனால் ‘இடம் இருக்கிறதா’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நான் தலைப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டேன். நல்லவேளை, ஓர் இடம் காலியாக இருந்தது.

என்னைப் படுத்தியது தடையில்லாச் சான்றுதான். வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரம் சேர, வேலை தரும் நிர்வாகத்தின் சான்று கட்டாயம். எங்கள் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து ஏழு வாரம் ஆனது. முதலில் ‘செயலர் ஊரில் இல்லை’, அப்புறம் ‘வாசகம் சரியில்லை’, அப்புறம் கடிதமே காணோம். கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால்தான் கையில் கிடைத்தது. சேர நினைப்பவர்கள் தலைப்பை யோசிப்பதற்கு முன்பே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நகலில் தேதி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் என் தலைப்பு பாதியாகச் சுருங்கியது. ‘தஞ்சை வட்டார மாட்டு வைத்தியம்’ என்று பெரிதாக எழுதிப் போயிருந்தேன். ‘ஒரு மாட்டு வாகடச் சுவடி: பதிப்பும் சொல்லாய்வும்’ என்று வெளியே வந்தது. வாகடம் என்றால் வைத்திய நூல். அன்று மனசு வலித்தது உண்மை. இப்போது அந்தக் குழுவுக்கு நன்றி சொல்கிறேன், இதையே முடிப்பேனா என்று தெரியவில்லை!

ஏன் என்று சொல்கிறேன். ஓலையில் புள்ளி கிடையாது. எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. கோமாரி ‘கொமாரி’ என்றிருக்கும், பேதி ‘பெதி’ என்றிருக்கும். இவை பரவாயில்லை. ‘மெல’ என்று ஓரிடத்தில் வந்தது. மேல் பூச வேண்டிய மருந்தா, மாடு மெல்ல வேண்டியதா? இரண்டு நாள் அதிலேயே போனது. ஆறு வரி தள்ளி ‘பத்து’ (பத்துப் போடுவது) என்ற சொல் வந்த பிறகுதான் பூச்சு மருந்து என்று தெளிந்தது. இதற்கு நடுவே பலம், கழஞ்சு, உழக்கு என்று அளவுகள், அவற்றுக்கான குறியீடுகள். படிக்கத் தொடங்குமுன் ஒட்டிக்கிடந்த ஏடுகளைப் பிரித்து, புல்தைலம் தொட்டுத் துடைத்து, எழுத்து தெரிய மை தடவவே ஒரு மாதம் ஆனது. மொத்தம் 46 ஏடுகள்.

ஆய்வு முறையியல், ஆய்வு நெறி என்று முன்பாடங்களும் உண்டு. சனிக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர், அந்தப் பக்கம் அகராதியியல் மாணவி. அளவுக் குறியீடுகளில் பாதியை டீ குடிக்கப் போன இடத்தில் கல்வெட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். மூலிகைப் பெயர்களுக்கு மறுபடி சித்த மருத்துவத் துறைக்கே போனேன். “இப்ப சரியான கேள்வியோட வந்திருக்கீங்க” என்று சிரித்தார் அதே பேராசிரியர்.

இப்போது 31ஆம் ஏட்டில் இருக்கிறேன். மாட்டுக் கொள்ளைநோயான வெக்கைக்கு (ரிண்டர்பெஸ்ட்) உரிய மருந்துகள் அங்கிருந்து தொடங்கி மூன்று ஏடுகளுக்குப் போகின்றன. சுவடியிலேயே நீளமான பகுதி அதுதான். உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். தன் சர்வீசில் ஒரு மாட்டுக்குக்கூட வெக்கை வந்து பார்த்ததில்லை என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “எங்க, அந்த அறிகுறியை மறுபடி படிங்க டீச்சர்” என்றார்.