மொய்யை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

8 ஜூன் 2025, ஞாயிறு

சமரச மையத்தில் 27-ஆம் தேதி முதல் அமர்வு. அதற்குள் மாதச் செலவுக் கணக்கு எழுதி முடிக்க வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். பிரிவதில் எனக்கும் கணவருக்கும் சண்டை இல்லை. இழுபறி எல்லாம் ஜீவனாம்சத்தில்தான். நான் குத்துமதிப்பாக மாதம் 15,000 என்றேன். “எதுக்கு அவ்வளவு?” என்று கேட்டார் அவர். கேட்டது நியாயம்தான். கோபத்தில் பதில் சொல்வதைவிடத் தாளில் சொல்வது மேல்.

வக்கீலம்மா ஒரு படிவம் கொடுத்தார். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்பும் தாக்கல் செய்யச் சொன்ன பிரமாணப் பத்திரத்தின் மாதிரி அது. வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு என்று ஒன்றுவிடாமல் கேட்கிறது. நாளைக்குப் பேச்சு முறிந்து கோர்ட்டுக்கே போனாலும் இதுதான் வேண்டியிருக்கும், இப்போதே இந்த வரிசையில் எழுதிவிடுங்கள் என்றார்.

11 ஜூன், புதன்

வீட்டுக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அது நாலு பேர் கணக்கு. நான், அவர், மகள், அத்தை. பாதியாக்கினால் நான், மகள் என்று ரெண்டு பேர் கணக்கு வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. அரிசி பாதியாகும், பால் பாதியாகும் (அத்தைக்கு ஒரு நாளைக்கு நாலு காபி, ஆகவே பாதிக்கும் கீழே). ஆனால் ஃபிரிட்ஜ் ரெண்டு பேருக்கு என்று பாதி கரண்ட் இழுக்குமா? வாடகை பாதியாகுமா? இன்டர்நெட்?

இன்னொன்று, முன்பு கீழமாசி வீதியில் மூட்டையாக அரிசி வாங்குவோம், பருப்பு மொத்த விலையில் வரும். இப்போது தெருமுனைக் கடையில் கிலோக் கணக்கில் வாங்குகிறேன். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் செலவு கூடத்தான் செய்திருக்கிறது. ஒரே சம்பாத்தியத்தில் ஓடிய அடுப்பு இரண்டாகும்போது இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும். அவருக்கும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

14 ஜூன், சனி

மாதாமாதம் வராத செலவுகளை எழுதினேன். பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 54,000. பன்னிரண்டால் வகுத்தால் 4,500. கரண்ட் பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, நூறு யூனிட் இலவசம் போக 1,100, ஆக மாதம் 550. எங்கள் இருவருக்கு சிலிண்டர் ரெண்டு மாதம் வரும், விலையில் பாதி. தீபாவளி, பொங்கல் துணிமணிக்கு மாதம் 1,500.

பெட்ரோல் 1,200 என்று எழுதியதும் வக்கீலம்மா, “பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானேன்னு கேப்பாங்க” என்றார். கேட்கட்டும். மகளின் வேன் போன பிறகுதான் நான் கிளம்ப முடியும், அந்த நேரத்து பஸ்ஸை நம்பினால் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிரேயர் முடிந்திருக்கும். அதை அப்படியே ஓரத்தில் எழுதிவைத்தேன். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் இருந்தால் பேச்சு நீளாதாம்.

19 ஜூன், வியாழன்

மொய். இதுதான் படுத்துகிறது.

போன வருஷம் மொய்யாகப் போனது 24,000. மதுரைப் பக்கம் இது அதிகமே இல்லை. படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. 2011-ல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டு அத்தை பீரோவில் இருக்கிறது. அதில் 500 எழுதியவருக்கு ஆயிரமாவது திருப்பிச் செய்ய வேண்டும். அப்படியென்றால் இது செலவா, கடனா? கடன் பகுதியில் எழுதலாமா என்று கேட்டேன். வக்கீலம்மா சிரித்தே விட்டார். “பத்திரம் இல்லாத கடனை யாரும்மா ஒத்துக்குவாங்க? விசேஷச் செலவுன்னு போடுங்க.” மாதம் 2,000 போட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

அம்மா வந்திருந்தாள். “வயசுக்கு வரப்போற பிள்ளை, சடங்குச் செலவையும் சேத்து எழுதுடி” என்றாள். எழுத மாட்டேன் என்றேன். மண்டபம், பிளக்ஸ் பேனர் எல்லாம் எனக்கே பிடிக்காது. பிடிக்காத செலவை இன்னொருவர் தலையில் கட்டுவானேன்? கல்லூரிப் படிப்பைப் பற்றி மட்டும் தனித் தாளில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

24 ஜூன், செவ்வாய்

அவருடைய தாள் வந்தது. அதில் இருப்பதை இங்கே எழுதுவது முறையல்ல, ஒன்றைத் தவிர. அவரும் மொய் எழுதியிருக்கிறார். அவர் என் அத்தை மகன், இருவருக்கும் ஒரே சொந்தம்தான். வரும் ஆவணியில் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அவர் கணக்கிலும் மொய், என் கணக்கிலும் மொய். ரெண்டில் ஒன்றை அடிக்கச் சொல்வார்களோ என்று பயந்தேன். வக்கீலம்மா அடிக்க வேண்டாம் என்றார். இனி தனித்தனியாகத்தானே போய் எழுதப் போகிறோம்.

ராத்திரி அத்தை போன் செய்தார். “பால் கம்மியா எழுதியிருக்கியாமே, பிள்ளைக்குப் படுக்கப்போறப்ப ஒரு டம்ளர் வேணும்ல?” பால் கணக்கைத் திருத்தினேன்.

26 ஜூன், வியாழன்

மொத்தம் 34,200. என் பள்ளிச் சம்பளம் 18,000. துண்டு விழுவது 16,200, வாயால் சொன்னதைவிட 1,200 கூடுதல். பில்கள், ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் வரிசைப்படி பின் அடித்தாயிற்று, மூன்று பிரதி ஜெராக்ஸும் எடுத்தாயிற்று.

சமரசத்தில் பேசுவது ரகசியம், கோர்ட்டில்கூட அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. அதனால் நாளை என்ன தொகை முடிவாகிறது என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். என் பிரதியில் மட்டும் பென்சிலால் குறித்திருக்கிறேன். துணிமணியில் ஐந்நூறு வரை இறங்கலாம், பெட்ரோலில் கொஞ்சம். பள்ளிக் கட்டணத்தையும் டியூஷனையும் அவரே நேராகக் கட்டினாலும் எனக்குச் சம்மதம். வாடகையில் இறங்க முடியாது, வீட்டுக்காரர் இறங்க மாட்டார்.