117ஆவது நிமிடத்தில் அங்கே என்ன வேலை?

2022 கால்பந்து உலகக் கோப்பையில் பிரேசில் தோற்ற அந்த ராத்திரியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பாயசம் வருவதற்குள், மாமா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். "நெய்மாரை மொத பெனால்ட்டி அடிக்க விட்டிருந்தா கதையே வேற மக்கா." பக்கத்து இலையில் இருந்தவர் சோற்றில் கை வைத்தபடியே "அதெப்படி" என்று திரும்பினார். அப்புறம் பாயசம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

எங்களுடையது குமரி மாவட்டக் கடற்கரை. உலகக் கோப்பை வந்தால் ஊர் இரண்டாகப் பிரியும்: பிரேசில், அர்ஜென்டினா. ஜெர்மனி, போர்ச்சுகல் என்று நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த 2022இல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் வைத்த கட்-அவுட் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. எங்களுக்கு அந்த வசதி இல்லை. மஞ்சள் கொடி கட்டிய நாலு வள்ளம், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு நெய்மார் ஃப்ளெக்ஸ், மைதானத்தில் ஒரு திரை, அவ்வளவுதான்.

டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, இரவு எட்டரை மணி. குரோஷியாவுடன் காலிறுதி. நாலு நாள் முன்னால் தென்கொரியாவை 4-1 என்று அடித்து, கோச் டீட்டேயும் சேர்ந்து ஆட்டம் போட்டிருந்தார், அந்தத் தெம்பில் உட்கார்ந்திருந்தோம். 90 நிமிடம் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதி முடிகிற நேரத்தில் நெய்மார், ரோட்ரிகோவிடம் கொடுத்து வாங்கி, பக்கேட்டாவிடம் கொடுத்து வாங்கி, கோலியையும் சுற்றிக்கொண்டு போய் அடித்தாரே ஒரு கோல், அது பிரேசிலுக்காக பெலே அடித்த 77 கோல் கணக்கைத் தொட்ட கோல். மாமா பக்கத்தில் இருந்த அர்ஜென்டினாக்காரனையே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். 117ஆவது நிமிடம் குரோஷியாவின் மோட்ரிச் தொடங்கிவைத்த பந்து, ஓர்ஷிச் இடது பக்கமாக ஓடி உள்ளே தள்ள, பெட்கோவிச் அடித்தது எங்கள் மார்க்கினியோஸின் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. 120 நிமிடத்தில் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்த ஒரே அடி அதுதான். பெனால்ட்டியில் 4-2 என்று குரோஷியா ஜெயித்தது. ஐந்தாவதாக அடிக்க வைத்திருந்த நெய்மார் நடு மைதானத்தில் நின்று அழுதார், அவருடைய முறை வரவே இல்லை.

சண்டை அங்கேயே, திரைக்கு முன்னாலேயே தொடங்கியது.

மாமாவின் கட்சி பெனால்ட்டி வரிசை. 21 வயசுப் பையன் ரோட்ரிகோவை முதலில் அனுப்பி, குரோஷியா கோலி லிவகோவிச் அதைத் தடுத்து, நாலாவதாக மார்க்கினியோஸ் கம்பத்தில் அடித்து, அதோடு எல்லாம் முடிந்தால் அந்தக் கோச் எதற்கு என்கிறார். ஐந்தாவது அடியில்தான் அழுத்தம் அதிகம், அதனால் திறமையானவர் அதை எடுக்க வேண்டும் என்பது டீட்டே பிறகு சொன்ன விளக்கம். அழுத்தம் இருக்கும்தான், அது வந்து சேர்ந்தால்! 2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோவும் இப்படித்தான் ஐந்தாவது முறைக்குக் காத்திருந்து அடிக்காமலே வீட்டுக்குப் போனார். பத்து வருஷம் முன்னால் ஊரே பார்த்த தப்பு அது.

சித்தப்பா மகனுக்கு வேறு கோபம். 64ஆவது நிமிடத்தில் இடது பக்க ஃபார்வர்ட் வினீசியஸைக் கோச் ஏன் வெளியே எடுத்தான்? பெனால்ட்டி வந்தபோது வினீசியஸ், ரிச்சார்லிசன், ராஃபீன்யா, பக்கேட்டா எல்லாரும் பெஞ்சில், அடிக்க ஆள் எங்கே என்று கேட்கிறான். கேள்வி நியாயம்தான். ஆனால் அன்றைக்கு குரோஷியாவின் வலது பக்கக் காவல்காரன் யுரானோவிச் வினீசியஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டல்லவா திரிந்தான், அதை எங்கள் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நானும் அன்றைக்கு மாமா கட்சிதான், தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்புறம் அந்த 117ஆவது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது எனக்குப் பெனால்ட்டி வரிசை பெரிய குற்றமாகத் தெரியவில்லை. பெனால்ட்டி வரைக்கும் போனதே குற்றம்.

பாருங்கள், 1-0 என்று முன்னால் இருக்கிறோம், இன்னும் சில நிமிடம்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் பந்தைக் கொடிக் கம்பத்தின் பக்கம் கொண்டுபோய்க் காலுக்குள் வைத்து நிற்பார்கள், இல்லாவிட்டால் கடலுக்குள் அடித்துவிடுவார்கள். பிரேசில் என்ன செய்தது? இரண்டாவது கோலுக்குப் போகிற மாதிரி ஆள் ஆளாக மேலே ஏறி நின்றது. பக்கேட்டாவுக்குப் பதில் ஃப்ரெட் வந்தார். காவலுக்கு வந்த ஆள் என்று நினைத்தால், அவர் எதிர்ப் பாதியில் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார். மோட்ரிச்சிடமிருந்து பந்து கிளம்பும்போது நடுவில் ஒரு வள்ளமே போகிற அளவு இடம். ஒரு ஃபவுல் போதும், ஒரு மஞ்சள் அட்டையோடு முடிந்திருக்கும். நடுவில் நின்று தடுக்கத் தெரிந்த ஃபாபின்யோ பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கோச் என்ன செய்வான், ஐரோப்பாவுல வருஷக்கணக்கா ஆடுதவனுவளுக்கு அது தெரியாண்டாமா?" என்று மாமா கேட்கிறார். தெரியணும்தான். ஆனால் யாரோடு ஆடுகிறோம் என்று ஆட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது யார்? 2018இல் டென்மார்க்கையும் ரஷ்யாவையும் பெனால்ட்டியில், இங்கிலாந்தை எக்ஸ்ட்ரா டைமில் தாண்டி இறுதிக்குப் போன டீம் இது, இந்தக் காலிறுதிக்கே ஜப்பானைப் பெனால்ட்டியில் தோற்கடித்துத்தான் வந்திருந்தது. இழுக்க இழுக்க அவர்களுக்குத்தான் லாபம். மோட்ரிச், ப்ரோசோவிச், கோவசிச் மூன்று பேரும் நடுவில் பந்தை வைத்துக்கொண்டு, 37 வயசு மோட்ரிச் ஏதோ மாலை நடை போகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். நம் பக்கம் நடுவில் காவலுக்கு நின்ற கசெமிரோ பாதி நேரம் தனி ஆள். 26 பேர் அணியில் 9 ஃபார்வர்ட் கொண்டுபோனால் இப்படித்தான். 2018இல் பெல்ஜியத்தோடு தோற்றதும் இதே கோச், இதே காலிறுதி, அன்றைக்கு கசெமிரோ தடையில் வெளியே இருந்தார். நாலு வருஷம் கிடைத்தும் நடு மைதானத்துக்கு இரண்டாவது ஆளைத் தயார் செய்யவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இதைச் சொன்னால் மாமா, "பிரேசில் அடைச்சு வச்சு ஆடவா மக்கா மஞ்சச் சட்டை போடுது?" என்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. 2002க்குப் பிறகு 2022 வரை பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோஷியா என்று ஐந்து தடவையும் ஐரோப்பாக்காரனிடமே தோற்ற பிறகும் இதே பேச்சு.

அன்றைக்கு ராத்திரி அதோடு முடியவில்லை. பன்னிரண்டரைக்கு அர்ஜென்டினா, நெதர்லாந்து ஆட்டம். நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அவர்களும் தோற்பார்களா பார்ப்போம் என்ற நல்ல எண்ணம்தான். 2-0 என்று இருந்த ஆட்டம் கடைசி நொடியில் 2-2 ஆனபோது எங்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். அதுவும் பெனால்ட்டிக்குப் போனது, மணி மூன்று தாண்டியிருந்தது. அர்ஜென்டினாவின் முதல் அடிக்கு மெஸ்ஸி நடந்து வந்தார், அடித்தார்.

மாமா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அர்ஜென்டினாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்திருந்த வெடியை எடுத்து வந்தார்கள். விடிவதற்குள் மாமா அதே மஞ்சள் பனியனோடு கடலுக்குப் போய்விட்டார். மத்தியானம் மீனோடு கரைக்கு வந்ததும் ஏலக்காரரிடம் முதலில் சொன்னது பெனால்ட்டி வரிசையைத்தானாம், விலை அதுக்கப்புறம்தானாம்.