பழைய அட்லஸும் 45-ஆம் நம்பர் ரோடும்: இதுவரை செய்து பார்த்தது

ஒரே ரோட்டை வெவ்வேறு காலத்து அட்லஸ்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை இப்போது ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் பெரிய ரோடுகளில் தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோடும் மேற்கே போகும் பெங்களூர் ரோடும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. வடக்கே ஜிஎன்டி ரோடும் திருப்பதி ரோடும் பாதியில் நிற்கின்றன. இதே ஆர்வம் உள்ளவர்களுக்கு உதவும் என்று, எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது என்று எழுதி வைக்கிறேன்.

போனில் வரைபடம் இருக்கும்போது அச்சடித்த அட்லஸ் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். போனில் இருப்பது இன்றைய ரோடு மட்டும்தான். நேற்று வரை இருந்த வளைவு, பைபாஸ் வருவதற்கு முன் பஸ் போன வழி, பழைய நம்பர் எதுவும் அதில் தங்காது. புதிதாக ஒன்று வந்ததும் பழையது அழிந்துவிடும். அட்லஸின் பக்கம் அச்சான அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. இரண்டு காலத்துப் பக்கங்கள் கையில் இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

அட்லஸ்கள் பெரும்பாலும் பழைய புத்தகக் கடைகளில்தான் கிடைத்தன. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும், சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகளிலும் தேடினால் டிடிகே மேப்ஸ், ஐஷர் போன்ற பெயர்கள் கண்ணில் படும். முன் அட்டையும் முதல் பக்கமும் போய்விட்ட புத்தகங்கள்தான் நிறைய. எந்த ஆண்டு அச்சு என்று தெரியாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அதனால் முதலில் கற்றுக்கொண்டது ஆண்டு கண்டுபிடிக்கும் வித்தை.

அதற்கு ரோட்டைப் பார்க்க வேண்டாம், ஊர்ப் பெயரையும் எல்லைக் கோட்டையும் பார்த்தால் போதும். மெட்ராஸ் என்று இருந்தால் 1996-க்கு முந்தையது. செங்கல்பட்டு எம்ஜிஆர் மாவட்டம், பெரியார் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம் என்றெல்லாம் இருந்தால் 1997-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டுதான் தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தார்கள். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் தனி மாநிலங்களாக இருந்தால் 2000-க்குப் பிந்தையது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004, பாண்டிச்சேரி புதுச்சேரியானது 2006, திருப்பூர் மாவட்டம் வந்தது 2009, தெலங்கானா பிரிந்தது 2014, செங்கல்பட்டும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டமானது 2019. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால், அட்டை இல்லாத அட்லஸுக்குக்கூட இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் வயது சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: சில பதிப்பாளர்கள் எல்லைக் கோட்டை மட்டும் திருத்திவிட்டு ரோட்டைப் பழையபடியே விட்டிருப்பார்கள். அதனால் மாவட்டம் சொல்லும் ஆண்டை அப்படியே ரோட்டுக்கும் வைத்துவிடக் கூடாது. சென்னை பைபாஸ் எவ்வளவு தூரம் வரைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பேன். பெருங்களத்தூர் பக்கமிருந்து மதுரவாயல் வரை உள்ள துண்டுதான் முதலில் வந்தது, புழல் வரையான துண்டு பிறகு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை உத்தேசப் புள்ளிக்கோடாக இருக்கிறதா, முழுக் கோடாக இருக்கிறதா என்பதும் நல்ல அடையாளம்.

அடுத்தது ஒப்பிடும் முறை. ஒவ்வொரு அட்லஸும் ஒவ்வொரு அளவுத் திட்டத்தில் இருக்கும். இரண்டு பக்கங்களிலும் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரத்தை ஸ்கேலால் அளந்து, அந்த விகிதத்தில் சின்னதைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தேன். அதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து ரோட்டை மட்டும் வரைந்து, அந்தத் தாளை இன்னொரு அட்லஸ் பக்கத்தின் மேல் போட்டு, பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். ரோடு விலகும் இடம் பளிச்சென்று தெரியும். வளைந்து போகும் ரோட்டின் நீளத்துக்கு நூல்தான் சரி. ரோட்டின் மேலேயே நூலைப் படிய வைத்து, அப்புறம் நீட்டி அளக்க வேண்டும். தையல் நூல் வழுக்குகிறது, பூக்கட்டும் நூல் நன்றாகப் படிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு குரோம்பேட்டை. ஜிஎஸ்டி ரோட்டில்தான் எல்லாப் போக்குவரத்தும். அதனால் முதலில் எடுத்தது அந்த ரோட்டின் பழைய நம்பரான என்.எச். 45. பழைய அட்லஸ்களில் இது சென்னையில் தொடங்கி தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை ஒரே நம்பரில் போகும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போனது 45ஏ. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி போனது 45பி. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போனது 45சி. கிளைகளுக்கெல்லாம் தாய் ரோட்டின் நம்பரோடு ஓர் எழுத்து, அவ்வளவுதான்.

2010-இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளின் நம்பர்கள் முழுவதையும் மாற்றியது. அதற்குப் பிந்தைய அட்லஸில் 45-ஐத் தேடினால் தமிழ்நாட்டிலேயே கிடைக்காது, அந்த நம்பர் இப்போது மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் பக்கம் போய்விட்டது. நம்முடைய பழைய 45 ஐந்து துண்டாகியிருக்கிறது. சென்னை–திண்டிவனம் 32. திண்டிவனம்–விழுப்புரம் 132. விழுப்புரம்–திருச்சி 38. திருச்சி–திண்டுக்கல் 83. திண்டுக்கல்–தேனி 183. முதல் முறை இதைப் பார்த்தபோது எதற்காக ஒரு நல்ல ரோட்டை இப்படி வெட்டினார்கள் என்றுதான் தோன்றியது. ஒரே நேர் ரோட்டில் போகிறவருக்கு நாலு இடத்தில் நம்பர் மாறுகிறது!

தமிழ்நாட்டுப் பக்கம் முழுவதையும் மேசையில் விரித்து, நம்பர்களை மட்டும் பச்சைப் பென்சிலில் எழுதிப் பார்த்த பிறகுதான் இதன் அழகு பிடிபட்டது. வடக்கு தெற்காக ஓடும் ரோடுகளுக்கு இரட்டைப்படை எண், அது கிழக்கிலிருந்து மேற்காகக் கூடிக்கொண்டே போகும். கிழக்கு மேற்காக ஓடும் ரோடுகளுக்கு ஒற்றைப்படை எண், அது வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து மேற்கே விரலை நகர்த்தினால், புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி வரை போகும் 32, விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வழியாக மானாமதுரை போகும் 36, வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் 38, ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் 44 என்று வரிசையாக வருகின்றன. மேற்குக் கடற்கரையை ஒட்டி வருவது 66. மேலிருந்து கீழே வந்தால் கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–கரூர்–திருச்சி–சிதம்பரம் 81, கோவை–திண்டுக்கல்–திருச்சி–நாகப்பட்டினம் 83, கொச்சி–மதுரை–தொண்டி 85, ராமேஸ்வரம் போவது 87. கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று இலக்க நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் தாய் ரோட்டைச் சொல்லும். 132-ம், விழுப்புரம்–புதுச்சேரி 332-ம் 32-இன் கிளைகள். சேலம்–கொச்சி 544 நாற்பத்துநான்கின் கிளை. திருவள்ளூர், திருத்தணி வழியாகத் திருப்பதிப் பக்கம் போகும் நம்ம சிடிஎச் ரோடு, பழைய 205, இப்போது 716. கொல்கத்தா ரோடான 16-இன் கிளை என்று நம்பரிலேயே தெரிந்துவிடுகிறது. பழைய முறையில் 45-க்குப் பக்கத்தில் 46 இருக்கும் என்று சொல்ல முடிந்தாலும், நாடு முழுவதுக்கும் ஒரே விதி என்று எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நம்பரை மட்டும் கேட்டு, ரோடு நாட்டின் எந்தப் பகுதியில், எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்ல முடிவது புதிய முறையில்தான். 45 போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் புதிய முறைதான் சிறந்தது என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

ஒரு சிக்கலை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரே நம்பர் இரண்டு அட்லஸில் இரண்டு வேறு ரோடாக இருக்கும். பழைய 66 புதுச்சேரி–கிருஷ்ணகிரி, புதிய 66 மகாராஷ்டிராவின் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி. பழைய 7 வாரணாசி–கன்னியாகுமரி, புதிய 7 பஞ்சாபிலிருந்து பத்ரிநாத் பக்கம் போகிறது. பழைய 4 நம்முடைய பெங்களூர், பம்பாய் ரோடு. புதிய 4 அந்தமானில் இருக்கிறது! ஆகவே எந்தக் குறிப்பிலும் வெறும் நம்பரை எழுதுவதில்லை. ‘பழைய 4’, ‘புதிய 48’ என்றே எழுதுகிறேன். அச்சான நம்பரின் மேல் எதுவும் கிறுக்காமல், ஓரத்தில்தான் பச்சைப் பென்சில்.

பெங்களூர் ரோட்டில் கிடைத்தது வேறு வகை. இங்கே நம்பரோடு ரோடே மாறியிருக்கிறது. பழைய என்.எச். 4 ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை வரை வந்து, அங்கே வடக்கே திரும்பி, சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூர் போனது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி போனது என்.எச். 46 என்ற தனி ரோடு. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை வந்தபோது நாலு வழியாக விரிந்தது கிருஷ்ணகிரி வழி. 2010-இல் அதுவே டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னை வரும் 48 ஆனது. ராணிப்பேட்டை–சித்தூர் துண்டு, கர்னூலிலிருந்து கடப்பா வழியாக வரும் 40-இன் கடைசிப் பகுதியாகிவிட்டது. அட்லஸில் முக்கோணக் குறிகளுக்கு நடுவே போட்டிருக்கும் தூரங்களைக் கூட்டிப் பார்த்தால் சித்தூர் வழிதான் கொஞ்சம் குறைவு. இருந்தும் வண்டிகள் அந்தப் பக்கம் ஏன் குறைந்தன என்பதைப் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் பல காலம் மாதவரத்திலிருந்து லாரி ஓட்டியவர்.

பழைய பக்கத்தைக் காட்டியதும் நம்பரைப் பார்க்கவே இல்லை. விரலை வாலாஜாவில் வைத்து ஊர் ஊராக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். பலமநேருக்கு முன்னால் நிறுத்தி, “மொகிலி காட் இங்கதாண்டா வரும். லோடு வண்டி அதுல ஏறணும்னா ராத்திரி டீ குடிச்சுட்டு, வண்டிக்கும் தண்ணி ஊத்திட்டுத்தான் ஏறுவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் நாலு வழி போட்டதும் எவன் இதுல ஏறுவான்?” என்றார். அட்லஸில் அந்த மலை ஏற்றம் ஒரு சின்ன நெளிவு. அதன் பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். தூரக் கணக்கு மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அந்த ரோட்டில் ஓட்டிய ஒருவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தாளில் பார்த்ததை நேரிலும் பார்க்க வேண்டும் என்று திண்டிவனம், விழுப்புரம் போய் வந்தேன். இரண்டு ஊரிலும் அட்லஸில் ஊர்ப் புள்ளிக்குள் புகுந்து போகும் கோடுதான் பழைய ரோடு. பைபாஸ் வந்த பதிப்பில் புள்ளியைத் தொடாமல் ஒரு வில் மாதிரி விலகும். பைபாஸிலிருந்து ஊருக்குள் இறங்கி மெதுவாக நடந்தால், ரோட்டோரக் கற்கள் பேசும். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் மற்றவற்றைவிடப் பெரிதாக, கூடுதல் ஊர்ப் பெயர்களோடு இருக்கும். அதைத்தான் தேட வேண்டும். சில இடங்களில் கடை வாசல் படிக்கட்டோடு சேர்த்துப் பூசிவிட்டிருக்கிறார்கள், மேல் பாதிதான் வெளியே தெரிகிறது. கிடைத்தவற்றைப் போட்டோ எடுத்து, டிரேசிங் தாளில் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கிறேன். பைபாஸில் இருக்கும் கற்கள் புதிதாக நட்டவை. அவற்றில் இந்த ஆராய்ச்சிக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்க் காற்றின் ஈரத்தில் பழைய அட்லஸின் பசை சீக்கிரம் விட்டுவிடுகிறது. பிரிந்த பக்கங்களை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளாகி ரோட்டையே மறைத்துவிடும். நான் பக்கங்களைத் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வசம்புத் துண்டோடு அலமாரியில் படுக்கையாக வைக்கிறேன். கையாளுவதற்கு ஜெராக்ஸ் மட்டும்தான்.

அடுத்த வேலை சென்னை–பெங்களூர் விரைவுச் சாலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓசக்கோட்டை வரை சுமார் 260 கிலோமீட்டர், முழுக்கப் புதிய தடம். அட்லஸ் பக்கத்தில் உத்தேசமாக வரைந்து பார்த்தால், அது கிருஷ்ணகிரி வழியை விட்டுவிட்டு மறுபடியும் பழைய 4 போன சித்தூர், பலமநேர்ப் பக்கமே போகிறது. பெரியப்பாவுக்கு இதைக் காட்டினேன், மொகிலியை எப்படித் தாண்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இப்போதைக்குப் பென்சிலில் புள்ளிக்கோடு. ஒவ்வொரு துண்டும் போக்குவரத்துக்குத் திறக்கத் திறக்க மையில் முழுக் கோடாக்கி, பக்கத்தில் மாதமும் ஆண்டும் எழுதப் போகிறேன். இதற்கு எனக்கு ராணிப்பேட்டை–பலமநேர்ப் பகுதி பெரிய அளவில் உள்ள, மெட்ராஸ் என்று அச்சான காலத்து அட்லஸ் பக்கம் ஒன்று வேண்டும். யாரிடமாவது இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.