கொச்சி இல்ல சார், கோச்சி

ஆழ்கடலைத் துளைத்து எடுத்த மண், 20 சின்னப் பைகளில் என் மேசைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. இதற்குக் கப்பல் ஏற வேண்டாம், காசும் வேண்டாம். விண்ணப்பம் ஒழுங்காக எழுதத் தெரிந்தால் போதும். எனக்கு முதலில் அது தெரியவில்லை.

நான் தேடுவது பெட்டி-ஸ்பாட் எரிமலைகளின் துகளை. பிரெஞ்சில் பெட்டி என்றால் சின்னது. நாங்கள் பெட்டிக்கடை எரிமலை என்போம். அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். ஜப்பான் அகழி என்ற கடலடிப் பள்ளத்துக்குக் கிழக்கே, 13 கோடி வருடம் பழசாகி ஆறிப்போன பசிபிக் தட்டின் (கடலைத் தாங்கும் பாறைப் பலகை) மேல் இவை இளசாக முளைத்திருப்பதை நவோட்டோ ஹிரானோ குழு 2006-இல் எழுதியது. ஹவாய் மாதிரி அடியிலிருந்து சூடு பொங்கும் இடமும் அங்கே இல்லை.

காசிமேட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த நைனாவுக்கு இதைப் படம் போட்டு விளக்கித் தோற்றேன். அவர் பச்சை மூங்கில் பிளாச்சு ஒன்றை முழங்காலில் வைத்து வளைத்தார். வெளிப்புறம் நார் பிளந்தது. "இப்டித்தான?" கிட்டத்தட்ட அதேதான். அகழிக்குள் முங்கும் முன் தட்டு வளைந்து விரிசல் விடுகிறது, கீழே கொஞ்சமாய் உருகிக் கிடக்கும் குழம்பு அதன் வழியே கசிகிறது. தட்டின் அடிப்பக்கம் எங்கே பிளக்கிறது என்ற வம்புக்கு நைனாவை இழுக்கவில்லை.

மேற்குப் பசிபிக், இந்தியப் பெருங்கடல் கோர்கள், அதாவது கடலடியில் துளையிட்டு எடுத்த மண் உருளைகள், ஜப்பானின் கோச்சி கோர் சென்டரில் குளிர் அறையில் இருக்கின்றன. ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து வைத்திருப்பார்கள். ஒரு பாதி காப்பகத்துக்கு. மறு பாதியில்தான் நமக்குப் பங்கு.

முதல் விண்ணப்பத்தில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பை மண் என்று கேட்டிருந்தேன். மீன் ஏலத்தில் மொத்தக் கூடையும் எனக்கே என்ற மாதிரி. இவ்வளவு எதற்கு என்று கேட்டார்கள், நியாயம்தான். பிறகு பழைய பயண அறிக்கைகளின் கோர் படங்களைப் பார்த்து, சாம்பல் படிந்த இடங்களை மட்டும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதினேன். கிடைத்தது.

பார்சல் இறங்கிய பிறகுதான் கூத்து. ஓர் அலுவலகத்தில் பதினோரு நாள் தூங்கியது. "மண்ணா? விதை கிதை இருக்குமா? கொச்சிலேந்து வர்றதுக்கு இங்க எதுக்கும்மா நிக்கிற?"

"கொச்சி இல்ல சார், கோச்சி. ஜப்பான்."

விற்பனைக்கல்ல, ஆய்வுக்கு மட்டும், உயிருள்ள எதுவும் இல்லை என்று துறைத்தலைவர் கையெழுத்துடன் கடிதம் கொடுத்த பிறகே விட்டார்கள். கடிதத்தை முன்னாடியே வாங்கி வையுங்கள்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல்: ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 2006 ஆகஸ்டில், மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் வாயு அடைபட்ட பனிக்கட்டி) தேடிய பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில்தான் முடித்தது. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். நான் அப்போது மூன்றாவது படித்தேன். யாரும் சொல்லவில்லை.

இப்போது 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்குகிறேன். பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடிச் செதில், ஜப்பான் எரிமலைகள் காற்றில் அனுப்பியவை. ஐந்தாவது பையில் மட்டும் தேன் நிறத்தில், ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒன்று. பொட்டாசியம் தூக்கலாக இருக்கிறதா என்று எலக்ட்ரான் கற்றை வைத்துப் பார்க்க வேண்டும். என் முறை அடுத்த மாதம். அதுவரை அந்த மேசைப் பக்கம் டீ டம்ளரோடு யாரும் வரக்கூடாது.