நெட் போனால் கேமும் போச்சு

தனியாக ஆடும் கேமுக்கு எதற்கு சர்வர்? 2010-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் அசாசின்ஸ் கிரீட் 2-வின் பிசி பதிப்பில் இதைத்தான் திணித்தது. நெட் அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். மார்ச்சில் அதன் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களே ஆட முடியாமல் தவித்தார்கள். 2013-ல் வந்த சிம்சிட்டி கேமுக்கு ஆஃப்லைன் வசதி கிடைக்க ஓராண்டு ஆனது. தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமின் கதை இன்னும் கொடுமை: 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்ததும் டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. இது அநியாயம்.

வாங்கும் முன் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் பக்கத்தில் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ஆஃப்லைனில் ஆட வேண்டுமென்றால், நெட் இருக்கும்போதே அப்டேட்டை முடித்து கேமை ஒருமுறை திறந்துவிட்டு, பிறகு ஸ்டீம் மெனுவில் ‘கோ ஆஃப்லைன்’ அழுத்துங்கள். டெனுவோ என்ற டிஆர்எம் உள்ள கேம், பிராசசரை மாற்றினால் மறுபடி நெட் கேட்கலாம். டிஆர்எம் இல்லாமல் கேம் விற்கும் ஜிஓஜி கடையில் கிடைத்தால் அங்கேயே வாங்கி, ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.