பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்த பிறகு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு, கடலூர் சிப்காட்டில் வேலை. போக வர தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல். பழைய காரை 11 வருடம் ஓட்டிவிட்டு, போன ஆவணியில் ஒரு ஜெர்மன் செடான் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். எந்தக் கார் என்று முடிவெடுக்க ஒரு வாரம்தான் ஆனது. அதில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டபோது தை பிறந்துவிட்டது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கேயே பொருத்தி விற்கும் கார்களில் (சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007-லிருந்து செய்கிறது, பூனா பக்கம் சாக்கனில் மெர்சிடிஸ்) பெரும்பாலும் இரண்டு மூன்று வேரியண்ட்தான் இருக்கும். ஒரு வசதிக்கு ஆசைப்பட்டால் அதோடு நாலு வசதியைச் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு வந்த பட்டியலில் சீட்டைச் சூடாக்கும் வசதியும் ஒரு பேக்கேஜில் இருந்தது, புதுச்சேரியில் அதற்கு என்ன வேலை. தனியாகச் சேர்க்க முடிந்தவற்றுக்குச் சொல்லும் விலை வரியோடா வரி இல்லாமலா என்று கட்டாயம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், பழைய செஸ் என்ற கூடுதல் வரி போய்விட்டது. வரி இல்லாமல் 1 லட்சம் என்று சொன்னால் அது பில்லில் 1.40 லட்சம், ஆர்டிஓ வரியும் இன்சூரன்சும் அதற்கு மேல்தான் கணக்காகும்.

ஷோரூம் ஏசியில் உட்கார்ந்தால் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். அதனால் நான் டெஸ்ட் டிரைவ் காரை மதியம் ஒரு மணிக்குக் கேட்டேன், அதுவும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரை. விற்பனைத் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். வென்டிலேட்டட் சீட்டைப் பற்றி அன்றைக்குத்தான் புரிந்தது: சீட்டுக்குள்ளே சின்ன ஃபேன்கள் இருக்கின்றன, துளை போட்ட தோல் வழியாகக் காற்றை இழுக்கும் அல்லது தள்ளும், அவ்வளவுதான். நான் பார்த்த சீட் தானாகக் குளிரவில்லை. கார் உள்ளே கொதிக்கும்போது போட்டால் கொதிக்கிற காற்றுதான் முதுகில் ஓடுகிறது, ஏசி பிடித்து ஏழெட்டு நிமிடம் ஆன பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. ஆனால் தெரிந்த பிறகு விட மனம் வரவில்லை. அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற எனக்கு அது வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மசாஜ் சீட் வேறு கதை. காற்றுப் பைகள் ஊதி இறங்கி முதுகை அழுத்தும். முதல் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது, ரெட்டிச்சாவடி வருவதற்குள் நிறுத்திவிட்டேன். ஓட்டும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கிறது. நீண்ட பயணத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கு உதவலாம், எனக்கு வேண்டாம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். மனைவியின் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர், வயது எண்பதுக்கு மேல். 1955-ல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் அங்கே போயிருக்கிறார். "ஸ்டார்ட் பண்ணினதும் வண்டி எழுந்து நிக்கும் மாப்பிள்ளை, கப்பல்ல போற மாதிரி இருக்கும். ஆனா எண்ணெய் ஒழுகிச்சுன்னா அப்படியே தரையோட படுத்துரும்" என்றார். அது எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் வைத்துச் செய்தது, இப்போது வருவது ரப்பர் காற்றுப் பை. பலவீனம் மட்டும் அதேதான். ரப்பர் வயதாகி விரிசல் விட்டுக் காற்று கசிந்தால், கம்ப்ரசர் அதை ஈடுகட்ட ஓடி ஓடிக் கடைசியில் அதுவும் போய்விடும். வெளிநாட்டுக் கார்களைப் பார்க்கும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன், வாரண்டி முடிந்த பிறகு ஒரு பக்கம் மாற்றவே லட்சத்தைத் தாண்டும் என்றார். ஆனால் வேகத்தடையில் அடி தட்டாமல் காரை உயர்த்திக்கொள்ளலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. எட்டு வருடமாவது வைத்திருக்கப் போகிற கார், கடற்கரை உப்புக்காற்று வேறு. வேண்டாம் என்று விட்டேன், இப்போதும் அதில் எனக்குக் கொஞ்சம் ஏக்கம்தான்.

சன்ரூஃப் வேண்டாம் என்பதில் மட்டும் தடுமாற்றமே இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல் ராத்திரியை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். நண்பர் ஒருவர் வேப்ப மரத்தடியில் கார் விடுகிறவர். கண்ணாடிக் கூரையின் மூலைகளில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு, அதில் இலையும் பூவும் அடைத்திருந்திருக்கிறது. தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர்கள் நனைந்து, மாதக்கணக்கில் டாஷ்போர்டில் ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் பார்த்த வேரியண்டில் சன்ரூஃப் கட்டாயம், கழிக்க முடியாது என்றார்கள். சன்ரூஃப் இல்லாத கீழ் வேரியண்டுக்கு நான் இறங்கியதற்கு இதுதான் காரணம், விலை அல்ல.

இதுவரை எல்லாமே என் முதுகையும் என் பயத்தையும் வைத்துப் பார்த்தது. கடைசி டெஸ்ட் டிரைவில்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு 74 வயது, விரல் மூட்டுகளில் வாதம். மாதம் ஒருமுறை திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரைப் பார்க்க வருவார். கோயில் வாசலில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தார், இந்தக் கார்களின் கதவு கனம், மூடவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. நான் இறங்கிப் போய் அடைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

பட்டியலில் சாஃப்ட் க்ளோஸ் கதவு என்று ஒன்று இருந்தது. இது வெறும் பகட்டு என்று முதல் நாளே அடித்துவிட்டிருந்தேன். கதவை மெதுவாகச் சாத்தினால் போதும், மீதி சில மில்லிமீட்டரை மோட்டார் இழுத்துப் பூட்டிக்கொள்ளும். அதைத் திரும்பச் சேர்த்தேன். ஆபத்தும் உண்டு, இடுக்கில் விரல் இருந்தால் மோட்டாருக்கு அது தெரியாது. என் அக்கா பிள்ளைகள் வரும்போது நானே கதவைச் சாத்துகிறேன், கைப்பிடி தவிர வேறெங்கும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்றே கவனித்த இன்னொன்று, பின்கதவுத் திரை. கடலூர் போகும்போது காலை வெயில் இடது பக்கம், சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம்தான். அம்மா உட்காரும் இடம் அது. கூலிங் ஃபிலிம் ஒட்டலாம் என்றால் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. காரோடு வரும் திரைக்குக் கொடுத்த பணம்தான் இந்தப் பட்டியலிலேயே குறைவு, தினமும் உதவுவதும் அதுதான்.

டயர் விஷயம் இன்னும் முடியவில்லை. ரன்ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம், ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் சின்னப் பள்ளம்கூட இடுப்புக்குத் தெரிகிறது. முதல் செட் தேயட்டும், அப்புறம் சாதாரண டயருக்கு மாறலாமா என்று பார்க்க வேண்டும். இப்போதைக்கு டிக்கியில் காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.