பல்லாவரம் சந்தையில் ஒரு சிங்கம்

பழைய பித்தளை விளக்கு ஒன்று வாங்கலாம் என்று வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். சென்னை பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கியதும் மண்டையைப் பிளக்கிற வெயில். விளக்கு எதுவும் தேறவில்லை. டைப்ரைட்டருக்கும் மிக்சி ஜாடிகளுக்கும் நடுவே, சட்டம் போட்ட படம் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"யாரோ முனிவர் சார். சிங்கம் வளத்திருக்காரு" என்றார் கடைக்காரர்.

ஒரு வகையில் முனிவர்தான். பைபிளை லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்த புனித ஜெரோம். ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தின் நகல். சிங்கத்தின் காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்டாராம், அது கூடவே தங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு நாய் சுருண்டு தூங்குகிறது. சுவரில், கத்தோலிக்க சபையின் உயர்பதவிக்காரரான கர்தினாலின் தொப்பி. ஜெரோம் காலத்தில் அப்படி ஒரு தொப்பியே கிடையாது, பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்டது. அவர் தலையிலிருந்து மேஜைமேல் உள்ள சிலுவை வழியாக ஒரு கோடு இழுத்தால், ஜன்னலோரத்து மண்டையோட்டில் போய் முட்டும். சாவைச் சிலுவையைத் தாண்டித்தான் பார்க்கிறார்.

எனக்குப் பிடித்தது கூரையில் தொங்கும் சுரைக்காய். பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியைப் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு சுரை என்றது. ஜெரோம் ஐவிக்கொடி என்று மாற்ற, சபையில் ஒரே ரகளை. அந்தச் சண்டையைத்தான் டியூரர் கட்டித் தொங்கவிட்டார் என்று சொல்வதுண்டு. மொழிபெயர்ப்பாளர் திட்டு வாங்குவது இன்று நேற்றா நடக்கிறது!

பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதுபோல உளியால் தகட்டைக் கீறும் வேலைதான் இது. ஆனால் இடவலம் மாற்றிக் கீற வேண்டும். கீறலுக்குள் மையைத் தேய்த்து, மேலே வழித்துத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் கீறல் மட்டும் கறுப்பாக ஏறும். வெளிச்சம் வேண்டுமென்றால் உளி படாமல் விட்டுவைக்க வேண்டியதுதான். ஜெரோம் தலையைச் சுற்றிய ஒளி அப்படி வந்தது.

பக்கத்துக் கடிகாரக் கடைக்காரரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். டியூரரின் கோடுகள் எல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைந்தன. தகட்டுக் கீறலிலிருந்து ஏறிய மை என்றால் கோடு கோடாகவே இருக்கும். சரிதான், ஏதோ புத்தகத்திலிருந்து கிழித்த சாதாரண அச்சு.

700 ரூபாய் கேட்டவரிடம் புள்ளிகளைக் காட்டினேன். அவரும் லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிங்கத்துக்கு மட்டும் 300 குடுங்க சார். தாத்தா ஃப்ரீ."